134ஆம் இடம்

விளையாட்டுப் போட்டி நாளில் வெற்றிக் கிண்ணம் முதலிடத்துக்கே உரியது. மேருவிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப்பள்ளித் திடல்களில் கைதட்டலும் முதல் மூவரோடு ஓய்ந்துவிடுகிறது. நான்காவதாக ஓடிவந்த சிறுமி தலைகுனிந்து வீடு திரும்புகிறாள். அவள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு: நிருபமா வைத்தியநாதன்.

கோயம்புத்தூரில் 1976இல் பிறந்து, தந்தையிடம் டென்னிஸ் பயின்றவர் அவர். உலகத் தரவரிசையில் அவர் எட்டிய உச்சம் 134. உலகின் நான்கு பெரும் போட்டிகளிலோ, ஒவ்வொன்றிலும் ஆட இடம் பெறுவோர் 128 பேர் மட்டுமே. வரிசையில் பின்தங்கியவர் பெரும்பாலும் தகுதிச் சுற்றுகளில் வென்றே உள்ளே நுழைதல் வேண்டும். மற்ற நாள்களில் சிறு போட்டிகளே கதி. அவற்றுள் பலவற்றில் அக்காலத்தில் மொத்தப் பரிசுத் தொகையே 10,000 டாலர்தான். பயணச் செலவும் விடுதிச் செலவும் பெரும்பாலும் ஆட்டக்காரர் தலையிலேயே விழும்.

அத்தகைய வாழ்விலிருந்து வந்த நிருபமா, 1998இல் ஆஸ்திரேலியப் பொதுப்போட்டியின் முதற்சுற்றில் இத்தாலியின் குளோரியா பிசிகினியை வென்றார். 1968க்குப் பிந்திய தொழில்முறைக் காலத்தில், பெரும் போட்டியொன்றின் ஒற்றையர் ஆட்டத்தில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் அவரே. அடுத்த சுற்றில் தோற்றார். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில், மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றார். ஏழாண்டுகளுக்குப் பின், 2005இல், அதே ஆஸ்திரேலியப் போட்டியில் சானியா மிர்சா மூன்றாம் சுற்றை எட்டினார்.

நிருபமா வென்றது ஒரு சுற்றுதான். ஆயினும், அந்த ஒரு சுற்று பின்வந்தோர்க்கு வழியாயிற்று. நான்காவதாக வந்த சிறுமியின் பெயரையும் ஒலிபெருக்கியில் ஒருமுறை அழைத்தால் என்ன?