பரிச்சயமான ஓசை

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி எண்ட்லஸ் ரிவர்' 2014 நவம்பரில் வெளிவந்தபோது அதன்மேல் விழுந்த முக்கியமான குற்றச்சாட்டு, இதெல்லாம் ஏற்கனவே கேட்டதுதானே என்பது. குற்றச்சாட்டில் தவறில்லை. முதல் பத்து நிமிஷத்திலேயே 1975-ல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அடியில் பரவி நிற்கும் அதே கீபோர்டு. அவசரமில்லாமல் ஒரு ஸ்வரத்தை வளைத்து நிறுத்தும் அதே கிதார். புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. எனக்கு இந்த இசைத்தட்டு பிடித்திருக்கிறது. பிடித்ததற்குக் காரணம் வெறும் பழக்கதோஷம்தானா என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மிடையே இது பழைய விவகாரம். ஒரு கவிஞர் மூன்றாவது தொகுப்புக்கு வந்ததும் 'தன்னையே நகலெடுக்கிறார்' என்று எழுதிவிடுகிறோம். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் நகல் என்றால் எதன் நகல் என்று சொல்ல வேண்டும். ஒருவருடைய உத்தி வேறு, சுபாவம் வேறு. உத்தியைத் திரும்பச் செய்வது சோம்பல். சுபாவத்திலிருந்து தப்பிப்பது யாருக்கும் சாத்தியமில்லை.

பிங்க் ஃப்ளாய்டின் ஓசை என்று நாம் சொல்வது யாருடைய சுபாவம்? 1968-ல் விலகிய சிட் பாரெட் ஒரு ஐதீகமாகிவிட்டார். 1985-ல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ் வார்த்தைகளின் சொந்தக்காரர். கிதார் என்றால் டேவிட் கில்மோர். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டைப் பற்றிப் பேச யாருக்கும் அதிகம் இருந்ததில்லை. 1971-ல் வந்த 'எக்கோஸ்' தொடங்கும்போது தண்ணீரில் சொட்டுவது போல் விழும் அந்த ஒற்றை பியானோ ஸ்வரம் அவருடையது. 1973-ன் 'அஸ் அண்ட் தெம்' மெட்டு அவருடையது. அதற்கு முன்பே அந்தோனியோனியின் 'சப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காகப் போட்டு, டைரக்டர் வேண்டாம் என்று ஒதுக்கியது. 1979-ல், 'தி வால்' பதிவாகிக்கொண்டிருந்த காலத்தில், அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். பிறகு அதே 'தி வால்' மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார்.

1983-ல் வந்த 'தி ஃபைனல் கட்'டில் அவர் இல்லை. கேட்டால் தெரியும். வார்த்தைகள் இருக்கின்றன, கோபம் இருக்கிறது, கில்மோரின் கிதார்கூட இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நிற்பதற்கான இடம் இல்லை. அந்த இடத்தைத்தான் ரைட் வாசித்துக்கொண்டிருந்தார். அது முன்னால் வந்து நிற்கிற வாசிப்பு அல்ல என்பதால் அதைக் குழுவின் பொதுச்சொத்தாக எடுத்துக்கொண்டோம். பரிச்சயமான ஓசை என்று பெயர் வைத்தோம். அது ஒரு மனிதர்.

'தி எண்ட்லஸ் ரிவர்' அந்த மனிதரின் மிச்சம். 1994-ன் 'தி டிவிஷன் பெல்'லுக்காக 1993-ல் கில்மோர், ரைட், டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன் மூவரும் திட்டமில்லாமல் வாசித்துப் பதிவு செய்தவற்றில் பயன்படாமல் போன நாடாக்கள் இருந்தன. ரைட் 2008 செப்டம்பரில், 65 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மற்ற இருவரும் நாடாக்களை எடுத்து, புதிதாகச் சிலவற்றை வாசித்துச் சேர்த்து, நான்கு பக்கங்களாக அமைத்தார்கள். 18 பகுதிகளில் பாட்டு என்று சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று. மூன்றாம் பக்கத்தில் 'ஆட்டம் 68' என்று ஒரு சிறு துண்டு வருகிறது. 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்டமான குழல் ஆர்கனில் ரைட் வாசித்தது. அப்போது அவருக்கு 25 வயது. அதன் இருபுறமும் 50 வயது ரைட் வாசிக்கிறார். வாத்தியம் வேறு, காலம் வேறு. வாசிக்கிற நிதானம் ஒன்று. இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த இசைத்தட்டை நான் இவ்வளவு கவனமாகக் கேட்க நேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மூன்று வருஷங்களுக்கு முன் இறந்துபோன கவிஞ நண்பர் ஒருவரின் இரண்டு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. முடிந்த கவிதைகள் பதினைந்து தேறும். மற்றவை பாதியில் நிற்பவை. நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்த அவருடைய தம்பி, "அண்ணன் எழுத்து உங்களுக்குத்தான் சார் நல்லாத் தெரியும். விட்ட எடத்தை நீங்களே நிரப்பிடுங்க. புஸ்தகமா வந்தாப் போதும்" என்றார். இன்னொரு நண்பர் இந்த இசைத்தட்டையே முன்னுதாரணமாகக் காட்டினார்: கில்மோர் செய்யலாம், நீ செய்யக்கூடாதா?

என்னால் செய்ய முடியும். இருபது வருஷம் அவர் கவிதைகளை முதலில் படித்தவன் நான். எந்த இடத்தில் வரியை உடைப்பார், எந்தச் சொல்லைக் கையால் தொடமாட்டார் என்பதெல்லாம் தெரியும். நான் நிரப்பினால் இதைப் படிக்கிறவர்களில் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பயமே அதுதான். அவர் ஓசை என்று நான் எழுதப்போவது அவருடைய உத்திகளின் தொகுப்பாகத்தான் இருக்கும்.

கில்மோர் செய்தது வேறு. அந்த இசை ஆரம்பத்திலிருந்தே ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்வதாக உருவானது. ரைட் உயிரோடிருந்தபோதும் கில்மோர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ரைட்டின் கைகளுக்கு அவர் போலி தயாரிக்கவில்லை. தன் கிதாரைத்தான் வாசித்தார். பதில் இருபது வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். என் நண்பர் தனியாக எழுதியவர். எழுதி முடிக்காத ஒரு வரியை எங்களில் யாரிடமும் அவர் காட்டியதில்லை. அந்த வெற்றிடத்தில் எனக்கு எப்போதும் இடம் இருந்ததில்லை.

அந்த ஒரே பாட்டு, 'லௌடர் தேன் வேர்ட்ஸ்', கடைசியில் வருகிறது. வரிகள் கில்மோரின் மனைவி பாலி சாம்சன் எழுதியவை. வார்த்தைகளைவிட வலுவானது தங்களுக்குள் இருந்தது என்பதை அது வார்த்தைகளில் சொல்கிறது. அதுவரை சுமார் முக்கால் மணி நேரம் பெரும்பாலும் வார்த்தையில்லாமல் கேட்டதற்கு உரை எழுதியது போல் இருக்கிறது. இசைத்தட்டில் எனக்கு வேண்டாதது இது ஒன்றுதான். இறந்தவரின் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லும் ஆசை நல்லவர்களையும் விடுவதில்லை.

நோட்டுகளை உள்ளபடியே அச்சிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். பாதி வரி பாதி வரியாகவே இருக்கும். வெற்றிடம் வெற்றிடமாகவே அச்சாகும். என்னிடமிருந்து முன்னுரை கிடையாது. அண்ணனுக்கு எழுத வரவில்லை என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள் என்று தம்பிக்கு வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது. அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.