பள்ளிவாசலில் பெருகும் கதிரைகள்

எங்கள் பள்ளிவாசலின் கடைசி ஸப்பில் இப்பொழுது பன்னிரண்டு கதிரைகள் இருக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன்னர் இரண்டே இரண்டுதான் இருந்தன. அவற்றில் எண்பதைக் கடந்த பெரியவர்கள் இருவர் அமர்ந்து தொழுவார்கள். இன்று கதிரையில் அமர்பவர்களில் பாதிப்பேர் ஐம்பதுகளில் இருப்பவர்கள். பன்னிரண்டாவது கதிரை கடந்த நோன்புக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. அதில் அமர்பவன் நான்.

"என்ன காக்கா, நீங்களும் கதிரைக்கு வந்திட்டீங்களா?" என்று அஸர் தொழுகை முடிந்து வெளியேறும்போது மீன் வியாபாரம் செய்யும் தம்பியொருவர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை என்னோடு நடந்து வந்தது.

ஐவேளைக் கடமையான தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ஸுஜூதுகள். ஆக, நாளொன்றுக்கு 34 தடவைகள் முழங்கால்களை மடித்து, நெற்றியை நிலத்தில் வைத்து, மீண்டும் எழவேண்டும். சுன்னத்தான தொழுகைகள் இதற்குப் புறம்பானவை. என் வாப்பா தமது எழுபத்தெட்டாவது வயதில் வபாத்தாகும் வரை நிலத்திலேயே ஸுஜூது செய்தார். அவர் மருதமுனையில் குழித்தறியில் சாரம் நெய்தவர். குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு பாதங்களாலும் மாறி மாறி மிதித்து, ஒரு கையால் நாடாவை ஓடவிட்டு, மறு கையால் அடித்து நெருக்கி, சுபஹிலிருந்து மஃரிப் வரை உழைத்தார். உடற்பயிற்சி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை. அவருடைய மகனாகிய நானோ முப்பது வருடங்களாக நாற்புறமும் தாள்கள் குவிந்த ஒரு மேசையின் முன்னால் அமர்ந்திருந்தேன். இன்று எனக்கு நீரிழிவும் முழங்கால் வலியும் சேர்ந்தே இருக்கின்றன.

நிற்க. இந்தக் கட்டுரை என் முழங்காலைப் பற்றியதல்ல. பத்திரிகையாளன் என்ற வகையில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது.

பத்திரிகையில் நான் பணியாற்றிய காலத்தில் ஆரோக்கியப் பக்கத்துக்கான ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கம் செய்வதும் என் வேலைகளுள் ஒன்றாயிருந்தது. "வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான வேகத்தில் நடவுங்கள்" என்ற வாக்கியத்தை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வெளியிட்ட பரிந்துரை அது. 2020 இல் அதனை 150 முதல் 300 நிமிடங்கள் என்று விரித்தார்கள். யார் எதைச் சொன்னாலும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பதே எங்கள் தொழில். ஆனால் இந்த 150 நிமிடங்கள் யாருடைய உடம்பில் அளக்கப்பட்டவை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு நோய் வந்தபிறகுதான் கேட்டேன்.

மனிதன் அசையும்போது அவன் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை முதலில் அளக்க முற்பட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த காலத்தில், தம் உதவியாளர் செகன் என்பவரின் முகத்தில் ஒரு முகமூடியைப் பொருத்தி, அவர் உள்ளிழுக்கும் ஒட்சிசனை அளந்தார். உழைப்பின்போது அது எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதற்காக அவரை ஒரு மிதியைக் காலால் மிதிக்கச் செய்தார். அருகிலே மேசையில் அமர்ந்து குறிப்பெடுத்த லவாசியேயின் மனைவி அந்தக் காட்சியை ஓவியமாகவும் வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் படத்தைக் கண்டபோது எனக்கு வாப்பாவின் தறிதான் நினைவுக்கு வந்தது. கையால் உழைக்கும் ஏழையின் உடம்பு அதிகம் எரிக்கிறது, ஆனால் அவனுக்கல்லவா உணவு குறைவாகக் கிடைக்கிறது என்று லவாசியே அப்போதே எழுதினார். 1794 இல் அவரது தலை துண்டிக்கப்பட்டது.

இன்றைய பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் செய்வதும் அடிப்படையில் அதையேதான். ஓடுபொறியின் மேல் ஒருவரை நடக்கவிட்டு, முகமூடி வழியாக அவர் எடுக்கும் ஒட்சிசனையும் விடும் காபனீரொட்சைட்டையும் அளக்கிறார்கள். உடம்பு ஒரு லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோகலோரி எரிந்திருக்கிறது என்று கணக்கு. மூட்டுக்களில் சிறு ஒளிர்குண்டுகளை ஒட்டி, சுற்றிலும் கமராக்களை நிறுத்தி, நடையின் ஒவ்வொரு கோணத்தையும் பதிவு செய்கிறார்கள். நிலத்தில் பதித்த தட்டொன்று பாதம் எவ்வளவு விசையோடு ஊன்றுகிறது என்று சொல்லிவிடுகிறது. இடுப்பில் கட்டும் சிறு கருவியொன்று நாள் முழுவதும் அசைவுகளைக் கணக்கெடுக்கிறது.

இந்த இயலில் ஓர் அலகு இருக்கிறது. 'மெட்' என்பார்கள். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதன், தன் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடமொன்றில் 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசனை எடுக்கிறான் என்பதே அதன் அடிப்படை. நடந்தால் இத்தனை மெட், நெல் வெட்டினால் இத்தனை மெட் என்று உலகமெங்கும் பட்டியல் போடுகிறார்கள். அந்த 3.5 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது திடுக்கிட்டுப் போனேன். 70 கிலோ எடையும் 40 வயதும் கொண்ட ஒரேயோர் ஆணின் அளவு அது என்கிறார்கள். 2005 இல் பல நூறு பேரை அளந்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் சராசரி 2.6 மில்லிலீற்றரைக்கூட எட்டவில்லை. பெயர் தெரியாத ஒரு மனிதரின் மூச்சை வைத்துக்கொண்டு மனித குலம் முழுவதையும் அளந்து வந்திருக்கிறோம்!

எங்கள் பக்கத்து உடம்புகளை அளந்தவர்கள் கண்டது வேறு. புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த யுட்கினும் நண்பர்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம். 2004 இல் இருவரும் தங்கள் புகைப்படத்தோடு இதனைப் பிரசுரித்தார்கள். தோற்றத்தில் மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர். சில வருடங்களுக்கு முன் என்னைப் பரிசோதித்த வைத்தியர் ஒருவர், "நீங்கள் மெலிந்த ஆள், சீனி வராது" என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்லேன். அவர் கற்ற புத்தகம் வேறோர் உடம்பைப் பார்த்து எழுதப்பட்டது.

பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், ஓய்வுநிலையில் இந்தியர்களின் உடம்பு எரிப்பது, சர்வதேசச் சமன்பாடுகள் சொல்வதைவிடக் குறைவு என்று காட்டினார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வம்சாவளி ஆண்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்து, 2013 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பியர் ஒருவர் 150 நிமிடங்களில் பெறும் பாதுகாப்பைத் தெற்காசியர் ஒருவர் பெறுவதற்கு வாரத்துக்குச் சுமார் 266 நிமிடங்கள் வேண்டும் என்பதே அது. நான் இத்தனை காலமும் எங்கள் வாசகர்களுக்கு எழுதிவந்த எண்ணில் ஏறத்தாழ இன்னொரு முக்கால் மடங்கு குறைந்திருந்தது!

அது குளிர்நாட்டில் வாழ்பவர்களின் கணக்கு. கல்முனையின் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் வாழ்பவருக்கு எவ்வளவு? அதற்கு விடை சொல்ல எங்களை அளந்தவர்கள் வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்தவும் அவரது சகாக்களும் 2005–2006 இல் நடத்திய நீரிழிவு, இருதயநோய் ஆய்வு மிகவும் பெறுமதியானது. 5,000 பேரைக் கொண்ட மாதிரி. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடைபெற்றது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. சுனாமி எங்கள் கரையைக் கழுவிச் சென்ற மறுவருடம் அது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மாண்டவர்களை எண்ணினார்கள்; மிஞ்சியவர்களின் உடம்பை அளக்க அன்று எவராலும் வர முடியவில்லை. ஆய்வாளர்கள்மீது பிழையில்லை. ஆயினும் அந்த 10.3 ஐ 'இலங்கையின் எண்' என்று நானும் செய்தியாக எழுதியிருக்கிறேன். அதில் நாங்கள் இல்லை என்று எழுதவில்லை.

பின்னர் 2018–2019 இல் நடைபெற்ற இன்னொரு நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கூறியது. இரண்டினதும் முறைகள் வேறானவை. அப்படியே கழித்துப் பார்க்கக்கூடாது. எனினும் நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர் என்பது எங்கள் கதிரை வரிசையைப் பார்த்த எனக்கு வியப்பளிக்கவில்லை.

இத்தகைய ஆய்வுகள் இரத்தத்தை அளக்கும். அசைவைப் பெரும்பாலும் கேள்விக்கொத்தால்தான் கேட்கும். "கடந்த வாரம் எத்தனை நிமிடங்கள் வேகமாக நடந்தீர்கள்?" என்று என் மனைவியிடம் கேட்டால் என்ன சொல்வார்? பிரதான வீதியில் வாகன நெரிசல். கடற்கரை வீதியில் தனியே நடக்கக் கூச்சம். ஆகையால் சுபஹ் தொழுதுவிட்டு வீட்டு வளவுக்குள் கிணற்றைச் சுற்றி நடப்பார். இருபது சுற்று, முப்பது சுற்று. அது வேகநடையா, மெதுநடையா? எத்தனை கலோரி? எந்தக் கேள்விக்கொத்திலும் அதற்கு ஒரு கட்டமில்லை. எங்கள் ஊர்களில் கிணற்றைச் சுற்றி நடக்கும் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்!

ஒரு தலைமுறைக்குள் எங்கள் கரையின் அசைவே மாறிவிட்டது. வட்டையில் வேளாண்மை வெட்டியவர்கள் வரம்பில் நிற்கிறார்கள். வெட்டு மெசின் வெட்டித் தூற்றி மூட்டையும் கட்டிவிடுகிறது. அம்பா பாடிக் கரைவலை இழுத்த கைகளின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்துவிட்டது. குழித்தறிகள் அருகிவிட்டன. பள்ளிவாசலுக்கு நூறு யார் தூரமும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. உழைத்தவனின் கோப்பையில் உழைக்காதவன் உண்கிறான். பழைய உழைப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாப்பாவின் முதுகுவலி எனக்குத் தெரியும். மாற்றம் எவ்வளவு என்று அளக்காமலே அதைக் கடந்து வந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். கரைவலை இழுப்பவரின் மூச்சை அளக்க இன்னும் சில வருடங்களே மீதமுள்ளன. அதன்பிறகு அளக்க ஆளிருக்காது.

இதனை யார் செய்வது? யுத்தச் சூழலில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. அதன் ஒருபுறம் கடல், மறுபுறம் வயல்வெளி. அங்கே பொறியியல் பீடம் உண்டு. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. கல்முனையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில், மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் உண்டு. இவை கைகோத்தால் ஆரம்பத்துக்கு மாளிகை தேவையில்லை. ஒரு முகமூடி, வாயுக்களைப் பகுக்கும் ஒரு கருவி, ஐம்பது அசைவுமானிகள், வீடுவீடாகச் செல்லக்கூடிய பெண் ஆய்வாளர்கள் பத்துப்பேர். பிரித்தானிய விஞ்ஞானி டக்ளஸ் 1911 இல் அறிமுகப்படுத்திய மூச்சுப் பையை முதுகில் சுமந்துகொண்டே வேலை செய்ய முடியும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பொறியியல் துறையினர் தொழுகையின் அசைவுகளையே ஆராய்ந்து நூலாக வெளியிட்டிருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் எங்கள் நாடுகளின் பஸ் இருக்கைகளில் அமரும் விதத்தைக் கருத்திற்கொண்டு வடிவமைத்த 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022 இல் வெளிவந்தது. தம் மக்களின் அசைவைத் தாமே கவனித்தவர்களின் வேலை இவை. ஐம்பது வயதில் ஸுஜூதைக் கைவிட்டுக் கதிரைக்கு வருவது முழங்காலைக் காக்கிறதா, அல்லது மடங்கும் வழக்கம் விட்டுப்போவதால் மேலும் இறுக வைக்கிறதா என்ற கேள்வியை எங்கள் ஊரில் யாராவது அளந்து பார்த்துச் சொல்லவேண்டாமா?

நேற்று இஷாவுக்குப் போனபோது அந்த மீன் வியாபாரத் தம்பி எனக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இராது. முழங்காலைத் தடவிக்கொண்டே, "இண்டைக்கு மட்டுந்தான் காக்கா" என்றார். நானும் முதல் நாளில் அப்படித்தான் சொன்னேன்.