கன்னர் தாத்தாவும் பாதிப் பேர் பாட்டியும்

எங்க மம்மி வீடு ஆங்கிலோ இந்தியன் வீடு. டாடி மதுரைக்காரர். அதனால வீட்ல இங்கிலீஷ், தெருவுல தமிழ், ஹாஸ்டல்ல ரெண்டும் கலந்த ஏதோ ஒண்ணு. முதல் வருஷத்துல இருந்து "உங்க தாத்தா வெள்ளைக்காரராடா?"ன்னு கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுறேன்.

வெள்ளைக்காரர்னு வீட்ல பெருமையா சொல்றது, நானாவோட கொள்ளுத்தாத்தாவை. நானான்னா மம்மியோட அம்மா. அவங்க பைபிளோட முதல் பக்கத்துல அவர் பேரும் '1841, பரங்கிமலை'ன்னும் மங்கலா எழுதியிருக்கும். எங்ககிட்ட இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

தேடல் ஆரம்பிச்சது அங்கிளாலதான். அவருக்கு இங்கிலாந்து போய் வேலை பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. "பேப்பர் மட்டும் கிடைச்சா போதும் மேன், விசா கொடுத்துடுவான்"னு சொல்வார். ரூல் என்னன்னு பார்த்தேன். முன்னோரைக் காட்டி விசா வாங்கணும்னா தாத்தா பாட்டியில ஒருத்தராவது பிரிட்டன் மண்ணுல பிறந்திருக்கணும். கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா எல்லாம் கணக்குல வராது. அங்கிளோட தாத்தா பாட்டி நாலு பேருமே இங்கதான் பிறந்தாங்க. இதைச் சொன்ன அன்னைக்கு அங்கிள் சரியா சாப்பிடல.

நானாதான், "விசா கிடக்கட்டும். அவர் யார், அவங்க அம்மா யாருன்னு பாரு. நான் இருக்கும்போதே சொல்லு"ன்னாங்க.

இப்படித் தேடுறவங்க முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்தியாவுல இருந்த வெள்ளைக்கார சோல்ஜர் எல்லாரும் ஒரே ராணுவம் இல்ல. ராஜாவோட ரெஜிமென்ட்ல இருந்தவங்க ஆவணம் லண்டன் கியூவுல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியோட சொந்த ராணுவத்துல இருந்தவங்களுடையது பிரிட்டிஷ் லைப்ரரியில. பரங்கிமலைன்னதும் எனக்குப் பாதி விடை கிடைச்சிடுச்சு. கம்பெனியோட மெட்ராஸ் ஆர்ட்டிலரிக்கு அதுதான் தலைமையிடம்.

இன்னொரு நல்ல விஷயம், மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மூணு மாகாணத்துல இருந்தும் சர்ச்ல பதிவான ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதுல பெரும்பாலானதுக்கு ஒரு நகல் லண்டனுக்குப் போச்சு. மெட்ராஸ் வரிசைக்கு என்/2ன்னு பேர். இதோட இன்டெக்ஸை ஃபேமிலிசர்ச் சைட்ல இலவசமாவே தேடலாம். ஆனா ஸ்பெல்லிங் உயிரை எடுக்கும். எங்க குடும்பப் பேரை ஒவ்வொரு கிளார்க்கும் தன் காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருக்கார். உயிரெழுத்தை எல்லாம் எடுத்துட்டு நட்சத்திரக் குறி போட்டுத் தேடினதுக்கு அப்புறம்தான் சிக்கினார்: 1841, ஞானஸ்நானம், பரங்கிமலை. அப்பா மெட்ராஸ் ஆர்ட்டிலரியில கன்னர்.

லண்டன்ல செட்டில் ஆன ஆன்ட்டி ஒருத்தங்க லைப்ரரிக்கே போய் அந்த கன்னரோட பதிவைப் பார்த்து அனுப்பினாங்க. அயர்லாந்துல பிறந்தவர். அப்போ அயர்லாந்தும் பிரிட்டனோட சேர்ந்துதான் இருந்துச்சு. சேர்றதுக்கு முன்னாடி நெசவாளி. உயரம் 5 அடி 6 அங்குலம். என்னைவிடக் குள்ளம்!

சரி, அம்மா? ஞானஸ்நானப் பதிவுல ஒரு கிறிஸ்தவப் பேர் மட்டும் இருக்கு. கல்யாணப் பதிவுல அதே பேர், பக்கத்துல 'நேட்டிவ்'னு ஒரு வார்த்தை, கையெழுத்து போடற இடத்துல ஒரு பெருக்கல் குறி. ஞானஸ்நானத்துக்கு முன்னாடி அவங்க பேர் என்ன, எந்த ஊர், யார் மகள், எதுவும் இல்ல. கன்னரோட உயரம் அங்குலக் கணக்குல இருக்கு. இவங்களுக்குப் பாதிப் பேர்தான்.

இந்தக் கல்யாணங்கள் ஒளிவுமறைவா நடந்ததும் இல்ல. 1687லயே கம்பெனி டைரக்டர்கள் மெட்ராஸுக்கு எழுதினாங்க: நம்ம சோல்ஜர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கறது நல்லது, பிறக்கற குழந்தையோட ஞானஸ்நானத்தன்னைக்கு அம்மாவுக்கு ஒரு பகோடா கொடுக்கலாம்னு. சாப்பிடற பக்கோடா இல்ல, வராகன்ங்கற தங்கக் காசு. நூறு வருஷத்துல மனசு மாறிடுச்சு. அப்பா, அம்மால ஒருத்தர் இந்தியர்னா கம்பெனியோட சிவில், மிலிட்டரி பதவி கிடையாதுன்னு 1791ல உத்தரவு. 1795ல இன்னும் இறுக்கி, ராணுவத்துல மத்தளம், குழல் வாசிக்கறது, குதிரைக்கு லாடம் அடிக்கறது மாதிரி வேலைதான்னு ஆக்கிட்டாங்க.

இங்கதான் நம்ம கதையும் வருது. 1794ல மைக்கேல் டாப்பிங்னு ஒருத்தர் யோசனையில மெட்ராஸ்ல ஒரு சர்வே ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. அதுல சேர்த்தது ஆண்கள் அனாதை இல்லத்துப் பசங்களை. அந்த இல்லத்துல பெரும்பாலும் ஐரோப்பிய சோல்ஜருக்கும் உள்ளூர் அம்மாவுக்கும் பிறந்தவங்கதான் இருந்தாங்க. அந்த சர்வே ஸ்கூல் வளர்ந்துதான் இன்னைக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். சர்வேயிங் லேப்ல செயின் இழுக்கும்போது நான் இதை நினைச்சுப்பேன். இந்த ஊர்ல முதல்ல அதை இழுத்துப் படிச்ச பசங்க எங்க ஆளுங்க மாதிரிதான் இருந்திருக்காங்க.

எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து நானாகிட்ட கொடுத்தேன். கன்னர் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிட்டாங்க. பெருக்கல் குறியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அப்போ இவர் அம்மாகிட்ட என்ன பாஷையில பேசியிருப்பார்?"ன்னு கேட்டாங்க.

தமிழா, தெலுங்கா? தெரியாது. ரெண்டுமே இருந்த ஊர் அது. இங்கிலீஷா மட்டும் இருந்திருக்காதுன்னு தோணுது. 'நம்ம பாஷை இங்கிலீஷ்'னு சொல்லியே வளர்ந்த வீடு எங்க வீடு. தமிழை செகண்ட் லாங்குவேஜா எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சவன் நான். அந்தக் கேள்விக்கு அப்புறம், இந்தப் பத்திரிகைக்கு எழுதறப்போ இரவல் பாஷையில எழுதற மாதிரி எனக்குத் தோணுறது இல்ல.

அங்கிள் இப்போ அந்தப் பிரிண்டை பைபிளுக்குள்ள வச்சிருக்கார். விசா பத்திப் பேசறதைக் குறைச்சுட்டார், நிறுத்தல.

பக்கத்து ரூம் பசங்ககிட்டயும் கேட்டுப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா பேரைச் சட்டுனு சொன்னவங்க, கொள்ளுப்பாட்டி பேருக்கு வீட்டுக்குப் போன் போட்டாங்க. சில பேருக்கு வீட்லயும் பதில் இல்ல. உங்க வீட்ல பாட்டி இருந்தா இந்த லீவுல போய் உட்காருங்க. அவங்க அம்மா பேர், அவங்க அம்மாவோட அம்மா பேர், பிறந்த ஊர், மூணையும் கேட்டு எழுதி வைங்க. அதை வேற எந்த லைப்ரரியும் உங்களுக்காக எழுதி வச்சிருக்காது.