கூலியும் பேரும்

கூலி என்பது பழிப்பில்லாத தமிழ்ச் சொல். உழைத்தவன் பெறும் ஊதியத்தையே அது குறிக்கும். அச்சொல் ஆங்கிலச் செய்தித்தாள்களுக்குள் புகுந்து, ஊதியத்தைக் கைவிட்டு மனிதனைக் குறிக்கத் தொடங்கிய கதை நம் மலையக வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, குஜராத்தின் கோலி இனத்தாரையும் தமிழ்க் 'கூலி'யையும் இச்சொல்லின் பிறப்பிடமாக ஆராய்கிறது. பிறப்பு எதுவாயினும், இலங்கையில் அது நம்மவர் தலையிலேயே வந்து விழுந்தது. கொழும்பில் 1834இல் 'ஒப்சேவர்' பத்திரிகையும், 1846இல் 'சிலோன் டைம்ஸ்' பத்திரிகையும் தோன்றின. தோட்டத்துரைமார் விரும்பிப் படித்த அக்காலச் செய்திகளில் மழை, கோப்பி விளைச்சல், சந்தை விலை ஆகியவற்றோடு 'கூலி'களின் வரத்தும் பற்றாக்குறையும் ஒரே வரிசையில் நிற்கும். துரைக்குப் பெயருண்டு, தோட்டத்துக்கும் பெயருண்டு. கூலிக்கோ எண்ணிக்கை மட்டுமே உண்டு!

தோட்டத்தை விட்டு நீங்கியவனைக் குறிக்கத் துரைமார் வழங்கிய 'போல்ட்' என்னும் வினையையும் பாருங்கள். கட்டறுத்தோடும் குதிரைக்கு ஆங்கிலேயர் சொல்லும் சொல் அது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை 1865ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் அவனை ஏற்காது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆகவே, அச்சொற்கள் வெறும் ஏளனச் சொற்களல்ல, சட்டத்தின் நிழல்கள்.

இந்நிலை நம் தீவோடு நிற்கவில்லை. 1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகளையும் அங்குள்ள வெள்ளையர் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைத்தனர். சட்டம் படித்தவரையும் அச்சொல் விட்டுவைக்கவில்லை.

குருவிட்டையில் என் வகுப்பிலே இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். றப்பர் பால் வெட்டும் தாயொருத்தியின் மகள் எழுந்து, "சேர், கூலின்னா அம்மா வாங்குற சம்பளமா, இல்ல அம்மாவா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அகராதிகள் பக்கம் பக்கமாக ஆராய்ந்ததை அச்சிறுமி ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள்.

தோட்டத்துப் பேச்சு வழக்கையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்சம்பளக் கணக்கை அங்கே 'பேர்' என்பார்கள். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'தான் விழும். செய்தித்தாளில் ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு வந்தது. மலையிலோ மனிதனின் பேர் ஊதியமாகிப் பாதியாகவும் வெட்டப்பட்டது. இரண்டும் ஒரே சுரண்டலின் இரு முகங்கள் அல்லவா?

1920களில் கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய ஏடுகளை நடத்தித் தோட்ட மக்களின் துயரை அச்சேற்றினார். பிறரால் எண்ணப்பட்டவர்கள் தம் குறையைத் தம் மொழியிலே கேட்க அவ்வேடுகள் வழிசெய்தன. 'தொழிலாளி' என்னும் சொல் இம்மக்களுக்கு இரவலாகக் கிடைத்ததன்று. சங்கம் அமைத்துப் போராடிப் பெற்றது.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயென விதிக்கப்படும்வரை அந்த ஆயிரத்துக்காக மலையகம் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. அச்செய்திகளிலும் அமைச்சரின் பெயரைக் கண்டோம், கம்பனியின் பெயரைக் கண்டோம். கொழுந்தெடுத்தவளின் பெயரை எத்தனை முறை கண்டோம்? பழைய செய்தித்தாளாயினும் புதியதாயினும், அதைக் கையிலெடுக்கும் மாணவன் முதலில் இக்கேள்வியைக் கேட்கப் பழகட்டும்.