இனிஷியல்

பள்ளிச் சீருடையோடுதான் வந்திருந்தாள். இரட்டைப் பின்னல். மடியில் இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. அட்டை லேபிளில் பெயருக்கு முன்னால் 'செ'. அந்த ஓர் எழுத்துக்குத்தான் வழக்கு.

மாஜிஸ்திரேட் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். கூண்டில் நின்றவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராம். பெண்டாட்டி ஜீவனாம்சம் கேட்டதும், "பிள்ளை என்னுதில்லை, டி.என்.ஏ. எடுக்கணும்" என்று மனுப் போட்டுவிட்டார். தாலி கட்டியதை மறுக்கவில்லை.

அந்தம்மாவின் வக்கீல் வயதானவர். மஞ்சள் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று எடுத்து வைத்தார். காதுகுத்துப் போட்டோவை மட்டும் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளை அலறுகிறது. பின்னால் பட்டுச் சட்டையில் இவர், பல் தெரியச் சிரித்தபடி.

"பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்களா?"

"வருசா வருசம் வருவேன்."

"பிள்ளை பிறந்த வருசம்?"

"வந்தேன்."

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாள்."

"எங்க தங்குனீங்க?"

எச்சில் விழுங்கினார். "வீட்டுலதான்."

சான்றிதழில் இருந்த தேதி அக்டோபர் 9. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

1872இல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தில் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பதற்கு 112ஆம் பிரிவு. 2023இல் வந்த புதிய சட்டத்தில் 116. தாம்பத்தியம் சட்டப்படி இருக்கையில் பிறந்த பிள்ளை அந்தப் புருஷனுடையதுதான். கல்யாணம் முறிந்தாலும், அவள் மறுமணம் செய்யாதிருந்தால், 280 நாளுக்குள் பிறந்ததும் அப்படியே. கரு உண்டாகியிருக்கக்கூடிய நாட்களில் இருவரும் சேர வழியே இல்லையென்று காட்டினால்தான் தப்பலாம். கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாதென்று கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லியிருக்கிறது. ரத்தத்தைக் கேட்காமல், ராத்திரி எங்கே தங்கினாய் என்று கேட்கிற சட்டம். பழசுதான். ஆனாலும் பிள்ளை பக்கம் நிற்கிறது.

தட்டச்சு செய்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். பிஸ்கட்டைக் கடித்தபடி சிறுமி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் உத்தரவு வந்தது. டி.என்.ஏ. மனு தள்ளுபடி. ஜீவனாம்ச வழக்குக்கு வாய்தா, அடுத்த மாதம் 14ஆம் தேதி.