அமுக்காதீங்க தாயி

குழந்தையின் காலைக் களிமண்ணில் பதிப்பது என்றால் காலைப் பிடித்து அமுக்குவது என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அமுக்கினால் பதிவது நம் கைதான். பெருவிரல் பக்கம் ஆழமாகவும் குதிகால் மேலோட்டமாகவும் இறங்கியிருந்தால், பிடித்தவர் எங்கே பிடித்தார் என்று மண் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிலக்கோட்டையில் இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதிகம் சொன்னது இதுதான்: "அமுக்காதீங்க தாயி, புள்ளை தானா வைக்கும்."

பச்சைக் குழந்தையின் உள்ளங்காலில் எது பட்டாலும் விரல்கள் மடங்கும். கையில் நம் விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறதே, அதே அனிச்சைச் செயல் காலிலும் உண்டு. எழுந்து நிற்கிற பருவத்தில், ஏறத்தாழ ஒரு வயதில்தான் அது விலகும். அதனால் விரல் பக்கத்தை முதலில் வைத்தால் கால் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். குதிகாலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகச் சுண்டுவிரல் நோக்கி மெல்ல வருடினால் விரல்கள் விரியும். விரிந்த அந்த நொடியில் குதிகாலை வைத்து, வெளியோரத்தைச் சாய்த்து, கடைசியாக விரல்களை இறக்க வேண்டும்.

முழித்திருக்கும் பிள்ளையோடு மல்லுக்கட்டவே கூடாது. இதற்கு உகந்த நேரத்தை நம் ஊர் அப்பத்தாக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்துப் படுக்கவைத்தால் ஒரு தூக்கம் வருமே, அதுதான் நேரம். உடம்பில் எண்ணெய்ப் பசை மிச்சம் இருப்பதால் மண்ணும் காலில் ஒட்டாது. அதனால் மண்ணைத் தட்டி ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டு நானே வீடுகளுக்குப் போய்விடுகிறேன்.

மண் கண்மாய் மண்தான். 2024-இல் அரசு, வட்டாட்சியர் அனுமதி இருந்தாலே மண்பாண்டத் தொழிலாளர்கள் கண்மாய் மண் எடுக்கலாம் என்று ஆக்கியது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பானைக்குப் போதுமான மண் இதற்குப் போதாது. ஊறவைத்து, கரைத்து, துணியில் வடிகட்டி, படிந்ததை உலர்த்தி, பிறகு மிதிக்க வேண்டும். பயம் சுக்கான்கல்லைப் பற்றித்தான். மிளகளவு கல் உள்ளே இருந்தாலும் சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்து வீங்கி, சில நாள் கழித்துக்கூட மேற்பரப்பைத் தெறிக்கவைக்கும். பானை தெறித்தால் இன்னொன்று வனையலாம். மூன்றாம் மாதத்துக் காலை நான்காம் மாதத்தில் யார் தருவார்?

தகட்டுக்கு அரை அங்குல கனம் போதும். நிழலில், துணி மூடி, புரட்டிப் புரட்டி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

தாய்மாரிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும்; என் மண் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து வரை. 8 சென்டிமீட்டர் பாதம் 7.3 ஆகிவிடும். சுட்ட ஓட்டுப்பொடி கலந்தால் சுருக்கம் குறையும், ஆனால் மண் சொரசொரத்துப் போகும். காலின் மெல்லிய ரேகை விழாது. நான் ரேகையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

சென்னை, பெங்களூர் ஸ்டூடியோக்களில் சுட்ட ஓட்டின்மேல் காலுக்கு வண்ணம் பூசி ஒற்றி எடுத்து, மினுக்குப் பூச்சு கொடுத்து மறுபடி 1000 டிகிரி வரை சுடுகிறார்கள். அளவு மாறாது, நிறமும் அழகு. ஆனாலும் என் மனம் மண்பதிவில்தான் நிற்கிறது. குழந்தையின் உள்ளங்காலில் குழிவு தெரியாது, கொழுப்பு நிறைந்து தட்டையாக இருக்கும். வண்ணத்தில் அது வெறும் திட்டு. மண்ணில் அந்தக் கொழுகொழுப்பே குழியாக இறங்கியிருக்கும், விரல் வைத்துத் தடவலாம்.

சில வீடுகளில் அப்பத்தாக்கள் தயங்குவார்கள். "பச்சப்புள்ள காலைச் சூளையில வச்சு வேகவைக்கிறதா?" நியாயமான கேள்விதான். மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் பிள்ளைவரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்கள் கோயிலில் வைக்கும் மதலை என்ற மண் குழந்தைப் பொம்மையும் சூளையில் வெந்ததுதானே என்பேன். பெரும்பாலும் அதோடு சம்மதித்துவிடுவார்கள். ஆனால் மதலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மதலை எந்தத் தாய் நேர்ந்தாலும் ஒரே முகம். மண் வனையும் வேளார் கை அறிந்த முகம். கிருஷ்ண ஜெயந்திக்கு மாக்கோலத்தில் வீட்டுக்குள் வரும் பாதமும் பாதம் அல்ல. மூடிய கைமுட்டியின் பக்கவாட்டை ஒற்றி, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தது. இரண்டிலும் வருவது எல்லோருக்குமான குழந்தை. என் தகட்டில் இருப்பது ஒரே ஒரு குழந்தை. சிந்துவெளியின் சான்ஹு தாரோவில் கிடைத்த செங்கல் ஒன்றில், காயுமுன் ஓடிய பூனையின் தடமும் துரத்திய நாயின் தடமும் இருக்கின்றன. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் செங்கலை யாரும் வழித்துச் சரிசெய்யவில்லை என்பதில் எனக்கு அத்தனை நிறைவு.

அதனால்தான், "சுண்டுவிரல் பதியலையே, குச்சியால ஒரு புள்ளி வச்சிருங்க" என்று கேட்டால் மறுத்துவிடுகிறேன். பல குழந்தைகளுக்குச் சுண்டுவிரல் தரையில் படாது. படாதது அந்தக் காலின் உண்மை. வேண்டுமானால் அடுத்த தூக்கத்தில் வேறு தகட்டில் இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம். அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. என் கை படுவது பின்பக்கத்தில் மட்டும். மண் இறுகுமுன் ஊசியால் பேரும் தேதியும் எழுதுவேன். இன்னும் பேர் வைக்காத பிள்ளையென்றால் தேதி போதும்.