எட்டாம் நம்பர் கால் யாருடையது?

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் தாளின் மேல் நில்லுங்கள். பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே விலை கூடிய ஷூவை எடுத்து அந்தப் படத்தின் மேல் வையுங்கள்.

சுண்டுவிரல் பக்கம் பென்சில் கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் இத்தனை நாளும் அந்த மிச்சக் காலை மடக்கி, ஒடுக்கி, திணித்துத்தான் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இதற்கு நம் ஊரில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். 'செருப்பு கடிக்குது.' கடைக்காரரிடம் சொன்னால், "பத்து நாள் போட்டா சரியாயிடும் சார்" என்பார். உண்மைதான், சரியாகிவிடும். செருப்பு அல்ல, நம் கால் வழிக்கு வந்துவிடும். ஆணி, கொப்புளம், பெருவிரல் பக்கத்து எலும்புப் புடைப்பு எல்லாம் அந்த வழியில் வருகிறவைதான்.

எனக்கு இந்த ஞானம் ஒரு டான்ஸ் ஷூவால் வந்தது. நான் ஆடவில்லை, பயப்படாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், நாற்பதைத் தாண்டியவர், சென்னையில் ஒரு பால்ரூம் டான்ஸ் வகுப்பில் சேர்ந்தார். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், சா-சா-சா... ஸ்டெப் எல்லாம் வந்துவிட்டது. ஷூதான் வரவில்லை. ஆன்லைனில் வாங்கினால் முன்பக்கம் நெரிக்கிறது. ஒரு நம்பர் பெரிசாக வாங்கினால் விரல்களுக்கு இதம், குதிகால் கழன்று போகிறது. மூன்று ஜோடி திருப்பி அனுப்பிய பிறகு ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தோல் ஏற்றுமதி, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு பக்கம் பக்கமா எழுதறீங்களே சார். என் காலுக்கு ஒரு ஷூ கிடைக்காதா?"

நியாயமான கேள்வி.

பால்ரூம் டான்ஸ் ஷூ கொஞ்சம் விசேஷமான ஜாதி. அடிப்பாகம் ரப்பர் கிடையாது, ஸ்வீட் என்கிற சொரசொரப்பான தோல். தரையில் வழுக்கவும் வேண்டும், வழுக்கி விழவும் கூடாது, அதற்காக. வால்ட்ஸில் பெண் பாதி நேரம் பின்பக்கமாக நடக்கிறார். உடம்பு எடை முழுக்க முன்பாதத்தில். நடக்கிற ஷூவில் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பார்கள். ஆடுகிற ஷூவில் அந்த இடம் இருந்தால் கால் ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம் போகும். சா-சா-சா மாதிரி லத்தீன் ஆட்டங்களுக்கான செருப்பில் விரல் நுனி விளிம்பு வரைக்கும் வந்து நிற்க வேண்டும். ஆபீஸ் ஷூ பொய் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். டான்ஸ் ஷூ பொய் சொன்னால் கணுக்கால் பிசகும்.

ராணிப்பேட்டைக்கும் பால்ரூமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு, அதாவது ராணிப்பேட்டையின் வாசல். ரயில் வந்தது, ரயில்வே காலனிகள் வந்தன, அவற்றோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அரக்கோணம், ஜோலார்பேட்டை, பெரம்பூர் என்று ஜங்ஷன் இருந்த இடத்திலெல்லாம் அவர்கள் இருந்தார்கள். ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனமும் கிறிஸ்துமஸ் பாலும் அவர்கள் வாழ்க்கையில் தீபாவளி, பொங்கல் மாதிரி.

அந்தக் காலத்தில் நல்ல ஷூ என்பது சட்டை மாதிரி அளவெடுத்துத் தைத்து வாங்குகிற பொருள். கல்கத்தா பென்டிங்க் தெருவின் சீன ஷூ தைப்பவர்கள் அதற்கே பேர் போனவர்கள். பிறகு ரெடிமேட் வந்தது. சட்டை பெரிசாக இருந்தால் டெய்லரிடம் பிடிக்கக் கொடுக்கலாம். ஷூவை யாரிடம் கொடுப்பது?

அந்தப் பெண்ணின் கேள்வியோடு ராணிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். முப்பது வருஷமாக 'ஷூ கம்பெனி'யில் இருப்பவர். உள்ளே அழைத்துப் போய் ஒரு பிளாஸ்டிக் காலை என் கையில் கொடுத்தார். விரல் இல்லாத, வழவழப்பான கால். இதற்குப் பெயர் லாஸ்ட். முன்பெல்லாம் மரத்தில் செய்வார்கள். தைத்து முடித்த மேல்தோலை இதன் மேல் இழுத்து ஒட்டி, அடிப்பாகம் வைத்தால் ஷூ. லாஸ்ட் எப்படியோ, ஷூ அப்படி.

"இது யார் கால் அண்ணே?"

"ஜெர்மன்காரன் கால் சார். அந்த ரேக்குல இருக்கறது இத்தாலி. பையர் எந்த ஊரோ அந்த ஊரு கால்."

தையல் மெஷின்களில் வரிசையாகப் பெண்கள். இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். விடிகாலையில் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி பஸ் பிடித்து வருகிறவர்கள். கையில் இருந்தது ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ. அவர்கள் காலில் ரப்பர் செருப்பு.

சரி, ஒரே நீளத்தில் அகலமான ஷூவும் ஒடுக்கமான ஷூவும் ஏன் கடையில் கிடைப்பதில்லை? நான் பி.காம். படித்தவன். கதையைவிட கணக்கு சீக்கிரம் புரியும். ஒரு டிசைன், இரண்டு கலர், ஆறிலிருந்து பதினொன்று வரை ஆறு சைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 12 பெட்டி அடுக்கினால் போதும். ஒவ்வொன்றிலும் நாலு அகலம் வேண்டும் என்றால் 48 பெட்டி. அதில் விற்காமல் தூங்குவது எத்தனையோ! கம்பெனிக்கும் அகலத்துக்கு ஒரு செட் லாஸ்ட் தனியாகச் செய்ய வேண்டும். அதனால் எல்லோரும் ஒரே அகலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிச்சமாகிற பணம் அவர்கள் லெட்ஜரில் ஏறுகிறது. செலவு உங்கள் காலில் எழுதப்படுகிறது.

நாம் சொல்கிற 'எட்டாம் நம்பர்' இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு அங்குலம் வித்தியாசம். வெறும் நீளம்தான். அகலம் பற்றி அந்த நம்பர் வாயே திறக்காது. வெள்ளைக்காரர்கள் 1947-ல் போய்விட்டார்கள். அவர்களுடைய கால் மட்டும் நம் கடைகளில் தங்கிவிட்டது.

நம் கால் எப்படி இருக்கும் என்று யாராவது அளந்தார்களா? அளந்தார்கள். சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. வடக்கு, தெற்கு, வடகிழக்கு என்று தனித்தனி அளவு முறை வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஒரே முறை போதும் என்று தெரிந்தது. ஆனால் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட இந்தியக் கால் அகலமானது என்பது உறுதியானது. என் தோழி மூன்று ஜோடி திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அவர் கால் அல்ல என்பதும்தான்.

இந்த ஆய்விலிருந்து பிறந்த அளவு முறைக்கு 'பா' என்று பெயர். பாரதத்தின் 'பா'. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டே பிரிவுகள். அரை சைஸ் தேவையில்லை, 85 சதவீதம் பேருக்குப் பொருந்தும் என்கிறார்கள். 2024-ல் செய்தி வெளியானது. ஆனால் காகிதத்தில் இருக்கிற அளவு கடைக்கு வர வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒப்புக்கொண்டு, கம்பெனிகள் புது லாஸ்ட் செய்து, கடைகள் அடுக்க வேண்டும்.

'போயும் போயும் செருப்புக்கு இவ்வளவா?' என்று உங்களுக்குத் தோன்றினால், வேலூர் வரைக்கும் கொஞ்சம் வாருங்கள்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்கிற டாக்டர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் கவனித்துச் சொன்னது வேறு. நோய் பறிப்பது வலியை. வலி தெரியாதவர் செருப்பு கடித்தாலும் கழற்ற மாட்டார், ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பார். புண்ணாகி, அழுகி, விரல் போவது அதனால்தான். ஆகவே ஆபரேஷனுக்குச் சமமான வைத்தியம் சரியான செருப்பு என்றாகிவிட்டது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில், அந்தந்தக் காலுக்கு ஏற்ற செருப்பு. வேலூர் பக்கத்துக் கரிகிரி ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு பிரிவு இயங்கியது.

அதே ரப்பர்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற 'எம்.சி.ஆர். செருப்பு'. நாள்பட்ட சர்க்கரையில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். அவர்களுக்கு இறுக்கமான ஷூ என்பது அசௌகரியம் மட்டுமல்ல, காலையே இழக்க வைக்கிற ஆபத்து. 'செருப்பு கடிக்குது' என்று சொல்ல முடிகிறதா? சந்தோஷப்படுங்கள்.

ஷூ பில்லில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. பாலாற்றங்கரை மண்ணும் கிணறும் தோல் கழிவால் கெட்டதை வைத்துத்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டமாக்கியது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேறு நாட்டுக் கால்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற ஷூவுக்காக இந்த ஊர் தண்ணீரைக் கொடுத்தது, உயிரையும் கொடுத்தது. தன் ஜனங்களின் காலுக்குப் பொருந்துகிற ஷூவையாவது அது பார்க்க வேண்டாமா?

தோழியின் கதைக்கு வருகிறேன். சூப்பர்வைசர் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். கம்பெனியில் ரிட்டையரானவர், வீட்டுத் திண்ணையில் வேலை செய்கிறவர். இரண்டு காலையும் தனித்தனியாகத் தாளில் வரைந்தார். விரல் மடியும் இடத்தில் ஒரு சுற்று, மேல்பாதத்தில் ஒரு சுற்று டேப் பிடித்தார். பழைய லாஸ்ட் ஒன்றை எடுத்து, அவருடைய கால் புடைக்கிற இடங்களில் தோல் துண்டுகளை ஒட்டித் தேய்த்தார். குதிகால் பக்கம் தொடவே இல்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்துத் திருத்தி, மூன்றாவது தடவை கொடுத்தார்.

"உங்க கால்ல ஒரு குறையும் இல்லம்மா. அளவெடுக்கத்தான் ஆளில்ல" என்றார்.

எல்லோருக்கும் திண்ணைப் பெரியவர் கிடைக்கமாட்டார். கடைக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போனால் சாயங்காலம் போங்கள்; அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பி, உண்மையான அளவில் இருக்கும். உட்கார்ந்து பார்க்காமல் நின்று பாருங்கள். இரண்டு காலிலும் போடுங்கள். அநேகம் பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிசு, அதற்குத்தான் வாங்க வேண்டும். நாலு எட்டு நடந்து பாருங்கள்.

பிறகு, "இதே நம்பர்ல அகலமா இருக்கா?" என்று கேளுங்கள். இருக்காது. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேட்டுவிட்டு வாருங்கள். தினமும் நாலு பேர் கேட்டால் அது அவருடைய ஆர்டர் நோட்டில் ஏறும். அங்கிருந்து ராணிப்பேட்டை ரொம்ப தூரமில்லை.